ஆளுக்குப் பாதி நேரம் கொடுத்துவிட்டால் நடுநிலையா?

நேற்றிரவு டிவியில் தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பற்றிய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது, நாங்கள் நடுநிலையானவர்கள்" என்று நெறியாளர் முடித்தாரே, அதைத்தான்.

2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். என்ன நடந்ததென்று தெரியவில்லை என அன்றைக்குச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இன்றைக்குமா? இதை விசாரிக்க அரசு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்திலேயே வைக்கப்பட்டது. தப்பி ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்கிறது அது. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரைத்தது. இதற்குப் பிறகும் ஆளுக்குப் பத்து நிமிடம் பிரித்துக் கொடுப்பது நடுநிலை ஆகாது. எது உண்மை என்று விசாரித்துச் சொல்வதுதான் நடுநிலை.

"போலீஸ் தரப்பைக் கேட்க வேண்டாமா?" என்பீர்கள். கேளுங்கள். ஆணையமும் கேட்டது, கேட்ட பிறகுதான் அப்படி எழுதியது. எதிரில் உட்கார்ந்திருந்த முன்னாள் அதிகாரியிடம் நெறியாளர் "ஆணையம் இப்படிச் சொல்கிறதே, உங்கள் பதில் என்ன?" என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கல்லெறிந்தார்கள், வாகனங்களைக் கொளுத்தினார்கள் என்பீர்கள். அதையும் சொல்லுங்கள், யார் மறைக்கச் சொன்னது? ஓடுகிறவனைச் சுட்டதற்கு அது பதிலாகுமா?

என் சித்தி வீடு தூத்துக்குடி அண்ணாநகரில். மறுநாள் துப்பாக்கிச்சூடு நடந்ததும் அந்தப் பகுதியில்தான். இணையத்தைத் துண்டித்துவிட்டார்கள், போன் கிடைத்தபோது, தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது, கதவைத் திறக்கவே இல்லை என்றார். டிவியில் நகரம் இயல்புநிலைக்குத் திரும்புகிறது என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். "நாங்க சொன்னா யாரும் போட மாட்டாங்களாடா?" என்று சித்தி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஊர்ப்பாசத்தில் பேசுகிறாய் என்று பின்னூட்டம் வரும். ஆமாம், ஊர்ப்பாசம்தான். செத்தவர்களில் பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்த பெண்ணும் இருந்தாள். எனக்கு ஆத்திரம் வராவிட்டால்தான் தவறு. ஆனால் என் ஆத்திரத்தால் அறிக்கையில் இருப்பது மாறிவிடாது. டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அப்போதைய முதல்வர் பழனிசாமி சொன்னது உண்மையல்ல என்றும் அதே அறிக்கைதான் சொல்கிறது. அதைப் படிக்காமல் விவாதம் நடத்த வராதீர்கள். அந்த 17 பேர் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரசைக் கேளுங்கள். நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.