சவானாவில் இரண்டு நாள், காருக்குக் காவல்

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போனது இது இரண்டாவது முறை. அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். பெரியவனையும் சின்னவளையும் அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, இதே ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் சவானா என்ற பழைய ஊரைப் பார்த்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவது என்று திட்டம். எண்ணிப் பார்த்தால் ஐம்பது மணி நேரம் சொச்சம். அதில் போக வர ஒன்பது மணி நேரம் சாலையிலேயே போய்விடும். மிச்சமிருந்ததில் எவ்வளவு நேரம் காரை எங்கே நிறுத்துவது, எப்படி எடுப்பது, எப்போது நேரம் முடியும் என்பதிலேயே போனது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வயிறு எரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறையைப் பதிவு செய்ததிலிருந்து சொல்கிறேன். ஓர் இரவுக்கு 224 டாலர் என்று போட்டிருந்தார்கள். இதில் அறை வாடகையும் இருந்தது, 'டெஸ்டினேஷன் ஃபீ' என்ற ஒன்றும் இருந்தது. அந்த ஊருக்கு வந்ததற்காக ஓட்டல் வாங்கும் கட்டணமாம் அது. ஊரை இவர்களா கட்டினார்கள்? சரி, அதையாவது முன்னாலேயே சேர்த்துக் காட்டினார்கள், ஏனென்றால் 2025 மே 12 முதல் தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை காட்ட வேண்டும் என்று எஃப்டிசி (அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம்) விதி வந்துவிட்டது. வரி தனி. மாநிலம் ஓர் இரவுக்கு 5 டாலர் வாங்குகிறது, 2015-இல் சாலைச் செலவுக்கென்று கொண்டுவந்தது. பில்லில் தனி வரியாக அச்சடித்து இருக்கிறது, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்க்கிங்? ஓர் இரவுக்கு 54 டாலர், வாலே மட்டும்தான், அதாவது ஓட்டல் ஆள்தான் காரை வாங்கிக்கொண்டு போய் நிறுத்துவார், நாமே நிறுத்திக்கொள்ள இடம் கிடையாது. இது விலைப்பட்டியலில் எங்கேயும் இல்லை. வரவேற்பு மேசையில் கையெழுத்துப் போடும்போதுதான் சொன்னார்கள். கேட்டால், அது 'ஆப்ஷனல்', விருப்பப்பட்டால் மட்டும், அதனால் சேர்த்துக் காட்ட வேண்டியதில்லையாம்.

விருப்பமா? இருநூற்றைம்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் காரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வதா?

இந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்கு நேர் ரயில் கிடையாது. பஸ் இருக்கிறது, விமானம் இருக்கிறது, ஆனால் இந்த மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எப்படிப் போவார்கள் என்று அந்த ஓட்டல்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஐ-75 நெடுஞ்சாலை பிடித்து மேக்கன் ஊர் வரை, அங்கிருந்து ஐ-16, இரண்டு பக்கமும் பைன் மரம், வேறு ஒன்றும் கண்ணில் படாது. முன்பு ரயில் இருந்தது தெரியுமா? நான்சி ஹாங்க்ஸ் என்று பெயர், ஒரு பந்தயக் குதிரையின் பெயர் அது. 1947-இல் ஓட ஆரம்பித்தது. காலையில் சவானாவில் ஏறி, அட்லாண்டாவில் கடைகளுக்குப் போய்விட்டு, ராத்திரியே வீடு திரும்பலாம். 1971-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்றும் இருக்கிறது, அழகான செங்கல் கட்டடம், இப்போது அது வருகையாளர் மையம். ரயில் வந்த இடத்தில் இப்போது நாம் காரை நிறுத்திக் காசு கட்டிவிட்டு டூர் வண்டி ஏறுகிறோம்.

வெள்ளி ராத்திரி நடந்ததையும் கேளுங்கள். எனக்குத் தலைவலி, மாத்திரை கார் டேஷ்போர்டில் இருக்கிறது. என் கணவர் கீழே போய்ச் சீட்டைக் கொடுத்தார். காரைப் பக்கத்தில் எங்கும் நிறுத்தவில்லை, நாலு தெரு தள்ளி ஏதோ ஒரு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து அந்தப் பையன் காரை ஓட்டிக்கொண்டு வந்தான், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு திரும்ப அனுப்பினோம். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது அவனுக்கு. அந்தப் பையனை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஐந்து டாலர் கொடுத்தார் இவர், காலையில் இன்னொரு ஐந்து, அப்புறம் இன்னொன்று. அவன் சம்பளத்தையும் நாம்தான் கொடுக்கிறோம், 54 டாலரும் நாம்தான் கொடுக்கிறோம். அப்படியானால் அந்த 54 யாருக்குப் போகிறது?

சனிக்கிழமை காலை போனவென்ச்சர் கல்லறைத் தோட்டம் போனோம், ஆற்றங்கரையில் ஊருக்குச் சற்று வெளியே. அங்கே ஒரு மணி நேரம் நன்றாக இருந்தோம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரிய பெரிய ஓக் மரங்கள், கிளை கிளையாகச் சடைபோலச் சாம்பல் நிறத்தில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ். பெயர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக்கு உறவுக்காரச் செடி. அப்புறம் மதியம் 1 மணிக்கு ஃபர்ஸ்ட் ஆப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு எடுத்திருந்தேன். இந்தப் பயணத்தில் நான் கேட்ட ஒரே இடம் அதுதான். அடிமைகளாக இருந்தவர்கள் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரியில் வந்து தங்கள் கையாலேயே கட்டிய கோயில் அது, 1859-இல் முடித்திருக்கிறார்கள். கீழ்த்தளத் தரைப்பலகையில் வைர வடிவில் துளைகள் போட்டிருக்கிறார்கள். தப்பி ஓடி வந்தவர்கள் அந்தத் தரைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சுவிட அந்தத் துளைகள்தான் வழி என்று அங்கே சொல்வார்கள். நான் அதைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்திருந்தேன்.

12:20-க்கு ஓட்டல் வாசலுக்கு வந்தாயிற்று. கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது, எங்களுக்கு முன்னால் ஏழு கார். பத்து நிமிடம் நின்றோம், ஒரு கார்கூட நகரவில்லை. "நாமே போய் நிறுத்திக்கலாம், வா" என்றார் இவர். எல்லிஸ் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் பார்க்கிங் நிரம்பிவிட்டது. தெருவில் இடமே இல்லை. ஒருவழிப் பாதையில் சுற்றிச் சுற்றி அதே குதிரை வண்டிக்குப் பின்னால் மூன்று முறை போய் நின்றோம். கடைசியில் ஒரு தனியார் இடம், ஆள் யாரும் இல்லை, கம்பத்தில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஆப் இறக்கச் சொல்கிறது. இறக்கினால் மெயில் கேட்கிறது, போன் எண் கேட்கிறது, ஆறு இலக்கக் குறியீடு அனுப்புகிறது, நம்பர் பிளேட் கேட்கிறது, கார்டு கேட்கிறது. எல்லாம் கொடுத்த பிறகு, பணம் கட்டும் வசதிக்கு என்று தனியாக ஒரு கட்டணம். காசை வாங்கிக்கொள்வதற்கும் நம்மிடமே காசு! மூன்று மணி நேரத்துக்கு 24 டாலர் கட்டிவிட்டு ஓடினோம். 1:14. உள்ளே ஆரம்பித்துவிட்டார்கள், நடுவில் விட முடியாது என்று அந்த அம்மா தன்மையாகத்தான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. நான் வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன்.

இதில் இன்னும் கோபம் வருவது எதற்கு என்றால், இந்த ஊர் கார் பார்க்கிங்கால் ஒரு முறை அழிந்து மீண்ட ஊர். 1733-இல் ஜார்ஜியாவை நிறுவிய ஆங்கிலேயர் ஓகல்தார்ப் இந்த ஊரை வகுத்தபோது நடுவில் ஒரு திறந்த சதுக்கம், அதைச் சுற்றி நாற்பது வீட்டுமனை, பொதுக் கட்டடத்துக்கு நாலு மனை, இப்படி ஒவ்வொரு வார்டாக அடுக்கிக்கொண்டே போனார். 24 சதுக்கம் இருந்ததில் இன்றைக்கு 22 இருக்கின்றன. எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை 1954-இல் இடித்தார்கள். எதற்கு? அடுக்குப் பார்க்கிங் கட்ட! அடுத்த வருடமே 1820-இல் கட்டிய டேவன்போர்ட் வீட்டை இடிக்கப் பார்த்தார்கள், அதுவும் பக்கத்துக் கட்டடத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்றுதான். ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அந்த வீட்டை வாங்கிக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு நாம் போய்ப் பார்க்கும் சவானா மிச்சமிருப்பதற்கு அந்தப் பெண்கள் போட்ட பிள்ளையார் சுழிதான் காரணம். எல்லிஸ் சதுக்கத்தைப் பார்க்கிங்கிடமிருந்து மீட்டு, காரைத் தரைக்கு அடியில் அனுப்பிவிட்டு, 2010-இல் மறுபடி திறந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு நடப்பதற்கென்று காப்பாற்றிய ஊரில் வந்து இறங்குகிறவனைக் காரை வைத்தே கறப்பது என்ன நியாயம்?

சரி, கோயில்தான் போயிற்று, நடக்கலாம் என்று புல் தெரு வழியாக ஃபோர்சைத் பூங்கா வரை போனோம். வழியில் ஒரு நல்ல சாப்பாடு. அந்த வெள்ளை நீரூற்று 1858-லிருந்து இருக்கிறது. எதிரில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். காற்று வரும்போது நீர்த்துளி முகத்தில் தெறித்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சென்னையில் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் தம்பி கேட்ட கேள்வியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். போன் அலறியது. இன்னும் இருபது நிமிடத்தில் உங்கள் நேரம் முடிகிறது. நீட்டிக்கலாம் என்று அழுத்தினால் இந்த இடத்தில் நீட்டிக்க முடியாது என்று வருகிறது. அங்கிருந்து கார் ஒரு மைலுக்கு மேல். எழுந்து ஓடினோம். மான்டெரே சதுக்கம், மேடிசன் சதுக்கம், சிப்பெவா சதுக்கம், ஒவ்வொன்றிலும் நிழல், பெஞ்சு, நடுவில் சிலை. நின்று உட்காரத்தான் அவற்றைக் கட்டியிருக்கிறார்கள், நாங்கள் ரயிலைப் பிடிக்கிறவர்கள் மாதிரி தாண்டிக்கொண்டு போனோம். இவருக்கு முழங்கால் வலி வேறு. ஒன்பது நிமிடம் தாமதம். அபராதச் சீட்டு எதுவும் இல்லை, தப்பித்தோம் என்று நினைத்தோம். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் கடிதம், எங்கள் காரின் பின்பக்கப் படத்தோடு, 75 டாலர் கட்டு என்று.

இவர் "விடு, போனது போகட்டும்" என்கிறார். நான் விட மாட்டேன். 108 டாலர் வாலே, 24 டாலர், 75 டாலர், டிப்ஸ், இதெல்லாம் எங்கள் தலையை அடகுவைக்கிற தொகை இல்லைதான். முதலிலேயே 278 என்று போட்டிருந்தால் யோசித்திருப்போம், வேறு இடம் பார்த்திருப்போம், இல்லை சம்மதித்தே கொடுத்திருப்போம். சவானாவில் ஊருக்குள் சுற்ற இலவச பஸ் இருக்கிறது, ஆற்றைக் கடக்க இலவசப் படகு இருக்கிறது, ஒரு முறை காரை வைத்துவிட்டால் மறுபடி தொட வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு நாள் காரை வைக்க ஓர் இடம், அதற்கு ஒரு விலை, அந்த விலை அறை விலைக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஓட்டலுக்கு எழுதினேன். எங்கள் கருத்துக்கு நன்றி என்றும், அடுத்த முறை வரும்போது பார்க்கிங் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றைப் பரிந்துரைப்பதாகவும் பதில் வந்தது. அப்படி ஒன்று இருந்ததா? அதை ஏன் முதலிலேயே காட்டவில்லை? மறுபடி எழுதினேன், பதில் இல்லை.

எஃப்டிசி தளத்தில் புகார் கொடுத்துவிட்டேன். தனியார் இடத்துக்காரர்களுக்கு, கட்டின ரசீதையும் நீட்டிக்க முடியாது என்று ஆப் காட்டிய திரையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், 75 டாலரை இன்னும் கட்டவில்லை.

அம்மாவும் அப்பாவும் அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அந்தக் கோயிலுக்கு எடுத்த இரண்டு சீட்டும் இன்னும் என் போனில்தான் இருக்கின்றன.