உசுரோட இருந்த ஏழு புளியங்கொட்டை

செத்துப்போச்சாம்! என் கண்ணு முன்னால குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்த ஏழு புளியங்கொட்டையை அள்ளிட்டு, "இதெல்லாம் செத்துப்போச்சு மாமா"ங்கிறான் அக்கா மகன்.

எப்படா செத்துச்சு?

"ரெண்டே ரூல்தான், அஞ்சு நிமிசத்துல கத்துக்கலாம்"னு சொல்லித்தான் கோங்கிற பலகை விளையாட்டுக்குக் கூப்பிட்டான். முழுப் பலகைன்னா 19-க்கு 19 கோடு, 361 புள்ளி. நமக்கு 9-க்கு 9 போதும்னு செல்லூர் வீட்டு மொட்டைமாடில சாக்பீஸ்ல கிழிச்சான். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சோழி. கட்டத்துக்குள்ள வைக்கக் கூடாது, கோடு சேர்ற இடத்துலதான் வைக்கணுமாம். அட, நம்ம ஆடுபுலி மாதிரின்னு எனக்கு ஒரே தெம்பு. ஒட்டியிருக்கிற காலிப் புள்ளி அம்புட்டையும் எதிராளி அடைச்சாத்தான் கல்லு வெட்டுப்படும். அதுவும் புரிஞ்சுச்சு.

ரெண்டு பேரும் பாஸ் சொன்னோம், ஆட்டம் முடிஞ்சது. அப்பத்தான் அள்ளுறான்.

"டேய், அதை ஒட்டி இன்னும் மூணு புள்ளி காலியா இருக்குடா."

"ரெண்டு கண்ணு, அதான் நம்ம கல்லே சுத்தி நிக்கிற காலி இடம், அது இல்ல மாமா. எப்படியும் சாகத்தானே போகுது."

சாகப்போறதும் செத்ததும் ஒண்ணா? அப்படிப் பாத்தா எங்க தெருவுல பாதிப் பேரை இன்னைக்கே தூக்கணுமே! ஆடுபுலில புலி தாண்டினாத்தான் ஆடு சாகும். தாண்டும்னு நினைச்சாலே சாகாது.

சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போதே தண்ணித் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சு கோடெல்லாம் அழிஞ்சுச்சு. தப்பிச்சோம்டான்னு பாத்தா, பயபுள்ள மறுபடி கோடு கிழிச்சு, ஒரு கல்லு பிசகாம ஞாபகத்துல இருந்தே அடுக்குறான். அந்த ஏழையும் சேத்து அடுக்கினான். அடுக்கிட்டு, திரும்ப ஒவ்வொண்ணா எடுத்தான். ரெண்டாவது சாவு!

எடுத்ததை நான் வளைச்சு வச்சிருந்த காலி இடத்துக்குள்ளயே போட்டு அடைச்சான். என் கொட்டை, என் இடம், நட்டமும் எனக்கே. அப்பவும் நாலு புள்ளி நான்தான் கூட. "கறுப்பு முதல்ல வச்சதுக்கு வெள்ளைக்கு ஆறரை புள்ளி சும்மா உண்டு மாமா." அரை எதுக்குடான்னா, சமன் ஆகாம இருக்கவாம். ரெண்டரையில தோத்தேன். "2016-ல லீ செடோல்ங்கிற பெரிய கோ ஆட்டக்காரரையே ஆல்பாகோங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் 4-க்கு 1னு அடிச்சுச்சு, விடுங்க"ன்னு ஆறுதல் வேற.

ராத்திரி தேடிப் படிக்கிறேன்: கத்துக்குட்டிக்கு முன்கூட்டியே ரெண்டு மூணு கல்லு வைக்க விடுவாங்களாம், அப்ப இந்த ஆறரையில ஆறு புள்ளி கிடையாதாம். இதை மட்டும் சொல்லலையே மாப்ள?

சரி, அது கிடக்கட்டும். தொட்டி வழிஞ்சா மோட்டாரை அமத்தணும்னு இந்த வீட்ல ஒருத்தருக்காச்சும் தோணுதா?