குளம் உடைத்தால் தண்ணீர் வாசலுக்கு எப்போது வரும்?

1986 ஏப்ரல் 20 விடியப்புறம் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்தது. சனம் நித்திரையில். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொழும்புக்கு வந்து இத்தனை வருடமாகியும், அடைமழை என்றால் அம்மா அதைத்தான் சொல்வார். "இரைச்சல் கேட்டுத்தான் எழும்பினதுகள். கேட்டபிறகு எங்க ஓடுறது?"

போன கிழமை தம்பி எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்தான். ஹெக்-ராஸ் என்ற மென்பொருள். அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவு செய்து இலவசமாகவே கொடுக்கிறது. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கம், என்ன வேகம் என்று கணக்குப் பார்க்கிறது. பயிற்சிக்காகக் கற்பனையில் ஒரு குளம் கட்டி, அதன் அணைக்கட்டை உடைத்துக் காட்டினான். நீல நிறம் வயலை நிரப்பிக்கொண்டு வந்தது. தேத்தண்ணியோடு வந்த அம்மா திரையில் ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துக்கு எப்ப வரும்?"

தம்பி சொடுக்கினான். 40 நிமிடம்.

"அப்ப பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்," என்றார். தேத்தண்ணி ஆறிப்போனது.

இதைத்தான் சொல்ல வருகிறேன். சனத்துக்குத் தேவை அந்த நிமிடக்கணக்கு. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் உருவான டிஎஸ்எஸ்-வைஸ் லைட் என்ற இன்னொரு மென்பொருள், அணை விபரத்தைக் கொடுத்தால் வெள்ள வரைபடத்தைத் தானாகவே விரைவாகப் போட்டுத் தருகிறது. அமெரிக்காவில் அதை அவசர நேரத்திலும் ஓட்டிப் பார்க்க முடிகிறது.

துல்லியம் போதாது என்பார்கள். உண்மைதான். நிலத்தின் உயரத்துக்கு எடுக்கும் செய்மதித் தரவு மரத்தின் உச்சியையும் கூரையையும் நிலமென்று எண்ணிவிடும். எங்கள் தட்டையான வயல்வெளியில் ஒரு மீற்றர் பிழையே பெரிது. கட்டு எவ்வளவு அகலமாக, எவ்வளவு வேகமாக உடைக்கும் என்பதும் ஊகம்தான். சரி, நாலைந்து விதமாக உடைத்துப் பார்த்து, அதில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்தபிறகு கிடைக்கும் துல்லியத்தை வைத்து யாரைக் காப்பாற்றுவது?

கொழும்புக்கும் இது தூரத்து விஷயமில்லை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களின் கீழே கொழும்புக்கு ஓடி வருவது களனி கங்கை. 2016 மே வெள்ளத்தின் மண்நிறக் கோடு வெல்லம்பிட்டியில் சித்தி வீட்டுச் சுவரில் மின்சுவிட்சுக்கு மேலே இருந்தது. மழை பலத்தால் "அணை உடைஞ்சிட்டுதாம்" என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும். நம்பவும் முடியாது, விடவும் முடியாது.

ஒவ்வொரு அணைக்கும் குளத்துக்கும் இப்போதே ஓட்டிப் பாருங்கள். முடிவைக் கோப்பில் பூட்டாமல் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள்: இந்த ஒழுங்கைக்கு இத்தனை நிமிடம், ஏறவேண்டிய மேடு இது.