செடி இருந்தால் மீன் தொட்டிக்கு ஏர் பம்ப் வேண்டாமா?

"தொட்டி நிறைய செடி வையுங்கள், அது 24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும், ஏர் பம்பைக் கழற்றி விடலாம்" என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி மீனின் உயிரை வாங்கிவிடும்.

வெளிச்சம் இருக்கும்போதுதான் செடி ஆக்சிஜன் தரும். நல்ல லைட்டில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலை நுனியில் முத்து முத்தாகக் குமிழி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அழகான காட்சி அது. லைட்டை அணைத்ததும் கதை மாறுகிறது. செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். வடிகட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் பங்கு வேண்டும். அதனால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் அளவு மிகக் குறைவாக இருக்கும். காலையில் கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைக்காதீர்கள், அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது.

நம் ஊர் வெயிலில் கவலை இன்னும் கூடும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான்.

சரி, ஏர் பம்ப் கட்டாயமா? இல்லை. தண்ணீரின் மேற்பரப்பு அசைந்தால் போதும், காற்று பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது. வடிகட்டியில் தண்ணீர் வெளிவரும் வாயை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். செடி வளர கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் லைட்டோடு சேர்த்து அதையும் நிறுத்துங்கள். ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்கள் மேலே வந்து நேரடியாகக் காற்றை எடுக்கும், டெட்ரா மீனால் அது முடியாது.