நிறம் தருவது நானோத்துகள், குளுக்கோஸை அறிவது நொதி
இரும்பு ஆக்சைடு நானோத்துகள்கள் (மிக நுண்ணிய துகள்கள்) வந்துவிட்டதால் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு இனி நொதியே (வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்) தேவைப்படாது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. 2007-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டது அத்துகள்களின் பெராக்சிடேஸ் என்ற இயற்கை நொதியைப் போன்ற செயல்பாட்டைத்தான். அவை ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு டிஎம்பி என்ற நிறமற்ற சேர்மத்தை நீலமாக்குகின்றனவே தவிர, குளுக்கோஸை அடையாளம் காண்பதில்லை. குளுக்கோஸிலிருந்து அந்தப் பெராக்சைடை உண்டாக்க குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் இயற்கை நொதி வேண்டியிருக்கிறது. அந்நொதி நடுநிலையை ஒட்டிய கரைசலில் நன்றாக வேலை செய்ய, நானோத்துகளோ பிஎச் 4-ஐ ஒட்டிய அமிலத்தன்மையை நாடுவதால், பல ஆய்வுகளில் இரண்டையும் தனித்தனிப் படிகளாகவே செய்கிறார்கள். தங்க நானோத்துகள் குளுக்கோஸை நேரடியாகவே ஆக்சிஜனேற்றும் என்பது உண்மை, ஆனால் அதற்கு உகந்தது காரக் கரைசல். அக்கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் நிறம் வந்தால் போதுமே என்று எழுதியிருக்கிறார். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், நன்கு நீலமேறிய குப்பியில் வைட்டமின் சி கரைசலைச் சில சொட்டு விட்டதும் நீலம் கண்முன்னே வெளுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதே வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், இரத்தத்திலும் இருப்பதால், நீலம் வெளுத்து, சர்க்கரை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டப்படும் அபாயத்தைக் கட்டுரை குறிப்பிட்டிருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தானே பலர் இன்சுலின் அளவை முடிவு செய்கிறார்கள்.