1947-இல் டாலரும் ரூபாயும் சமமா?

சுதந்திரம் வந்த நாளில் ஒரு டாலர் ஒரு ரூபாயாக இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். தகவல் தவறு. அன்று ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 5 அணா (ஒரு ரூபாய்க்கு 16 அணா) கொடுக்க வேண்டும்.

யாரையும் நம்ப வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும். அப்போது ரூபாய் நேரடியாக டாலரோடு அல்ல, பிரிட்டிஷ் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்தது: ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். அக்காலப் பவுண்டுக்கு 240 பென்ஸ். 240-ஐ 18-ஆல் வகுத்தால் ஒரு பவுண்டு 13.33 ரூபாய். பவுண்டின் விலை 4.03 டாலர். 13.33-ஐ 4.03-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.31 வரும். நேற்றிரவு பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் இதைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

1949 செப்டம்பரில் பவுண்டு 2.80 டாலராகக் குறைக்கப்பட்டபோது ரூபாயும் கூடவே இறங்கி, டாலர் 4.76 ரூபாயானது. அதே 13.33-ஐ 2.80-ஆல் வகுத்தாலும் இதே எண்தான் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அக்காலப் பொருளாதார நூல்களைக் கேட்டுப் பார்க்கலாம்; 1 ஷில்லிங் 6 பென்ஸ் விகிதம் அன்று பெரிய அரசியல் சர்ச்சை.

ரூபாய் பின்னர் ஏன் சரிந்தது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதைப் பேசும்போது தொடக்கப் புள்ளியை 3.31 என்றே வையுங்கள்.