ஆறு வயது வரை அந்தக் குழந்தை யார் பொறுப்பு?

“ரெண்டு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல” என்று ஒரு அம்மா சொன்னால் இந்த ஊரில் அவளுக்குக் கிடைக்கும் பதில்கள் எனக்கு மனப்பாடம். ஆம்பளப் புள்ளைன்னா லேட்டாத்தான் பேசும். இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான். நாக்குல வசம்பு தேச்சியா? போனைக் கையில குடுக்காத. கடைசியாக, கொஞ்சம் பொறுத்துப் பாரு. பாட்டிகள் சொன்னால் விட்டுவிடலாம். அந்தக் கடைசி பதிலை டாக்டர்களில் சிலரும் சொல்கிறார்கள். என் கோபம் அங்கேதான்.

பொறுப்பதால் என்ன போய்விடப் போகிறது என்று நினைக்கிறோம். போகிறது. முதல் மூன்று வருஷத்தில் மூளை வளர்கிற வேகம் அப்புறம் எந்த வயதிலும் வராது. காது கேளாத குழந்தைகளுக்கு இதில் கணக்கே உண்டு: 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் ஹியரிங் எய்டும் பயிற்சியும். தூங்குகிற குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். பேச்சுக்கும் அப்படித்தான். 12 மாதத்தில் விரல் நீட்டிக் காட்டவில்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, 2 வயதில் “அம்மா வா” என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஆட்டிசமா, வெறும் பேச்சுத் தாமதமா என்று உறுதியாகச் சொல்ல டாக்டருக்கு நாளாகலாம். ஆகட்டும். அதற்குப் பெயர் வைக்கும் வரை பயிற்சி ஏன் காத்திருக்க வேண்டும்? ஆரம்பத்தில் சொல்லித் தருவது பெரும்பாலும் விளையாட்டுதான். மாவு உருட்டுவது, ஊஞ்சல், பருப்பைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றுவது, பிஸ்கட்டைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு அவனாகக் கேட்கும் வரை காத்திருப்பது. இந்தக் கடைசி விஷயம் நம் வீடுகளில் ரொம்பக் கஷ்டம். குழந்தை முகம் சுருங்குவதற்குள் நாலு கை நீளும். கேட்காமலே எல்லாம் வந்தால் அவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? இதையெல்லாம் செய்து, பிறகு குழந்தை தானாகவே பேசிவிட்டால் நஷ்டம் என்ன? ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில் தொடங்குகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வரை. அதே 2016 சட்டம், எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதித்து, ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டப்படி டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். ஆக, கண்டுபிடிக்கக் காகிதத்தில் வழி இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு? கையில் ஒரு சீட்டு. அதற்கப்புறம் அம்மா பாடு.

என் தம்பி குடும்பம் வடசென்னையில், தண்டையார்பேட்டையில். இப்படிப் பயிற்சி தேவைப்படும் அவன் மகனைப் பற்றி எழுத அவன் மனைவியிடம் கேட்டுவிட்டேன். எழுதுங்க அண்ணி, பேரு மட்டும் வேணாம் என்றாள். சென்னையில் இந்தப் பயிற்சிகளுக்குப் பெயர் பெற்ற இடங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். கைக்குழந்தையிலிருந்தே காது கேளாத பிள்ளைகளை, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசப் பழக்குகிற பால வித்யாலயா அடையாறு சாஸ்திரி நகரில். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் நிப்மெட் முட்டுக்காட்டில். மூன்றுமே அடையாறு ஆற்றுக்குத் தெற்கே. அந்த இடங்களைக் குறை சொல்லவில்லை, அவை இல்லாவிட்டால் இந்த ஊர் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் வடசென்னையிலிருந்து கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் தாங்க முடியாத குழந்தையோடு பஸ் மாறி மாறிப் போவதை யோசித்துப் பாருங்கள். டிக்கெட் இலவசம்தான். “அண்ணி, அவன் அங்க போய்க் கத்துக்கிறதைவிட பஸ்ல கத்துறதுதான் அதிகம்” என்கிறாள்.

பக்கத்தில் தனியார் சென்டர் இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு வகுப்பு முக்கால் மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாள் ஸ்பீச், இரண்டு நாள் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் பயிற்சி) என்று போட்டால் மாதக் கடைசியில் வீட்டு வாடகையோடு போட்டி போடும். இவள் எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல் வேலையை விட்டுவிட்டாள், ஏனென்றால் யாராவது ஒருவர் விட வேண்டியிருந்தது. அந்த ‘யாராவது’ எந்த வீட்டிலும் அப்பா இல்லை என்பதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும்.

அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அங்கன்வாடி. அங்கே உள்ள டீச்சருக்கு எந்தக் குழந்தை எத்தனை கிலோ, எது முட்டை சாப்பிடாது என்பதெல்லாம் தெரியும். இவன் மற்ற பிள்ளைகள் பக்கமே போவதில்லை என்று முதலில் கவனித்ததும் அவர்தான். 2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை மத்திய அரசு வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் சத்துமாவு, எடை, பதிவேடு, அதற்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலை என்று ஏற்கெனவே மூச்சுத் திணறுபவர் தலையில் இதையும் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

நான் கேட்பது பெரிதில்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் அறை. வாரத்தில் இரண்டு மதியம் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், ஒரு ஓ.டி. அவர்களே சுற்றுவட்டார அங்கன்வாடிகளுக்கும் போய், டீச்சருக்கும் ஆயாவுக்கும் எதை எப்படிச் செய்வது என்று காட்ட வேண்டும். மாநில அரசு உலக வங்கிக் கடனோடு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் ‘உரிமைகள்’ திட்டம் சேவையை வீட்டருகே கொண்டு வருவோம் என்றுதான் சொல்கிறது. அந்த அருகு தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூரில் முதலில் தொடங்கட்டும். அடையாறுக்காரர்கள் ஆட்டோ பிடித்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடம் பற்றி ஒரு வரி போதும்: எல்.கே.ஜி. சேர்க்கும்போது “எங்ககிட்ட அந்த வசதி இல்லீங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் இடங்களின் பட்டியல் அவளிடம் நீளம்.

இன்பாக்ஸில் வரப்போகிறவர்களுக்கு: பேச்சு வரவில்லையா, முதலில் காதைச் சோதியுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தனியார் சென்டர் என்றால் ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் இருவரிடமும் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ‘ஆறு மாதத்தில் ஆட்டிசம் குணம்’ என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அந்த லிங்க்கை கமென்ட்டில் போட்டால் நீக்கிவிடுவேன்.